கண்டுபிடித்தவரும் செய்து முடித்தவரும்

விஞ்ஞானத்திற்காகப் பரிசு பெறுவோர் யாவர் என்று வகுப்பிலே வினவினால், 'புதியதொன்றைக் கண்டுபிடித்தவர்' என்ற விடையே எழும். அவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. பிறர் கண்ட உண்மையை மக்களின் வாயிற்படிவரை கொண்டு சேர்ப்போருக்கும் ஒரு பதக்கம் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய விஞ்ஞானக் கழகம், விஞ்ஞானத்தைப் பொதுநலத்திற்குப் பயன்படுத்தியோரைப் போற்றும் 'பொதுநலப் பதக்க'த்தை 1914ஆம் ஆண்டில் முதன்முதலாக இருவருக்கு வழங்கிற்று. ஒருவர் பனாமாக் கால்வாயை வெட்டி முடித்த பொறியியலாளர் ஜோர்ஜ் கோதல்ஸ். மற்றவர் இராணுவ வைத்தியர் வில்லியம் கோர்கஸ். பொறியியலாளரைப் போற்றியதன் காரணம் எவர்க்கும் விளங்கும். வைத்தியர் அங்கே செய்தது யாது?

அதை அறியப் பிரெஞ்சுக்காரரின் தோல்வியை முதலில் அறிதல் வேண்டும். 1881இல் அவர்கள் தொடங்கிய கால்வாய் வேலை 1889இல் நின்றுபோயிற்று. அதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவுமே அவர்களுட் பெரும்பாலோரைக் கொண்டுசென்றன. அவர்கள் நல்ல வைத்தியசாலைகளைக் கட்டாமலில்லை. எறும்பேறாதபடி கட்டிற்கால்களை நீர்க்கிண்ணங்களிலே நிறுத்தியும் வைத்தனர். நம் வீடுகளிலும் உணவு அலுமாரிக்கு இவ்வாறு செய்வதுண்டல்லவா? அந்த நீரிலேதான் நுளம்பு பெருகியது! நோயாளியைக் காக்க வைத்த கிண்ணமே நோயை வளர்த்தது. நோயைப் பரப்புவது நுளம்பு என்பதை அன்று அவர்கள் அறியார்.

மஞ்சட் காய்ச்சலை நுளம்பே காவுகின்றதெனக் கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே அதே 1881இல் எடுத்துரைத்தார், நம்புவாரில்லை. 1900ஆம் ஆண்டில் வோல்டர் ரீட் குழுவினர் அதனைச் சோதனைகளால் நிலைநாட்டினர். அப்பொழுது ஹவானா நகரின் சுகாதார அதிகாரியாயிருந்தவர் கோர்கஸ். இளமையில் அந்நோயால் வருந்தி எழுந்தவராகிய அவரும் முதலில் ஐயுற்றவரே. எனினும் சான்று கண்டபின் தயங்கினாரில்லை. 1901இல் நுளம்பை ஒழித்து, அந்நகரை அக்காய்ச்சலினின்றும் விடுவித்தார்.

1904இல் பனாமா வந்த கோர்கஸுக்கு நுளம்பினும் பெரிய பகை மேலதிகாரிகளின் அவநம்பிக்கையே. நுளம்புக் கதைக்குப் பணம் செலவிடுவதா என்றனர். 1905இல் காய்ச்சல் பரவியது. வேலையாட்கள் அஞ்சிக் கப்பலேறினர். அவரை நீக்கிவிடுமாறும் பரிந்துரை சென்றது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அதனை ஏற்கவில்லை. புதிய தலைமைப் பொறியியலாளர் ஜோன் ஸ்ரீவன்ஸ் வேண்டிய ஆளும் பொருளும் அளித்தார். வீடுதோறும் புகையிடப்பட்டது, நீர்ப்பீப்பாய்கள் மூடப்பட்டன, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது, குழாய்வழி நன்னீர் வந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்துடன் பனாமா நகரில் மஞ்சட் காய்ச்சல் மரணம் ஓய்ந்தது. 1914 ஆகஸ்ட் 15ஆந் திகதி கால்வாய் திறக்கப்பெற்றது.

இவ்வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. அமெரிக்கர் வேலை செய்த காலத்திலும் விபத்தாலும் நோயாலும் 5,600க்கு மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவுகள் கூறும். அவருட் பெரும்பாலோர் கரிபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். புகையிட்டும் எண்ணெய் ஊற்றியும் தெருத்தெருவாய் உழைத்த கைகளின் பெயரைப் பதக்கம் தாங்கவில்லை.

பனாமா நமக்கு மிகத் தொலைவு. ஆயின் அந்த நுளம்பு தொலைவிலில்லை. மஞ்சட் காய்ச்சலைப் பரப்பிய அதே இனமே இன்று நம் நாட்டில் டெங்குக் காய்ச்சலைப் பரப்புகின்றது. அது நாடுவதும் வீட்டைச் சூழ்ந்த சிறு நீர்த்தேக்கமே: பூச்சாடித் தட்டு, எறிந்த சிரட்டை, கூரைப் பீலி.

கண்டுபிடிக்க வேண்டியதைப் பின்லேயும் ரீட்டும் நூறாண்டுக்கு முன்னரே கண்டுவிட்டனர். எஞ்சியிருப்பது கோர்கஸின் வேலையே. மாணவர்களே, அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, நீர் தேங்கிய கலங்களைக் கவிழ்த்து வாருங்கள். அதற்குப் பதக்கம் கிட்டாது. பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சலின்றி உறங்கும்.