கல்முனைக் கடற்கரைப் பள்ளி

இலங்கையின் கல்முனைக்குடியின் கிழக்கெல்லையில், அலையோசை இரவும் பகலும் ஒலிக்கும் மணற்பரப்பில், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகப் பக்தர்களின் சிரத்தைக்குரிய ஸ்தலமாக விளங்கி வருவது கடற்கரைப் பள்ளி எனும் நாகூர் ஆண்டகை தர்ஹா. வடஇந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, பல தேசங்களில் சஞ்சரித்து, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் அடக்கமான ஷாஹுல் ஹமீத் வலியவர்களின் ஞாபகார்த்தமாக எழுந்ததே இப்பள்ளி. ஆகவே இங்குள்ள ஸியாரம் எனும் அடக்கஸ்தலத்தில் அன்னாரின் பூதவுடல் இல்லை, எனினும் மக்களின் பக்தி அதனாற் சற்றேனும் குறைந்ததில்லை.

வங்கக் கடலைக் கடந்து வாணிபஞ் செய்த தமிழ் முஸ்லிம்கள், தம் மரக்கலங்களுக்குக் காவலராக அவரைப் போற்றியமையாற்றான், பினாங்கிலும் சிங்கப்பூரிலுங்கூட இத்தகைய நினைவாலயங்கள் தோன்றின. சிங்கப்பூர்த் தர்ஹா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் மினாராக்களிற் கொடியேறும். பன்னிரண்டு தினங்கள் மௌலித் எனும் புகழ்ப்பாக்கள் ஓதப்பெற்று, இறுதியில் கந்தூரி எனும் மாபெரும் அன்னதானம் நடைபெறும். அயலூர்த் தமிழ் இந்துக்களும் நேர்த்திக்கடனோடு வந்து கலந்துகொள்வது இவ்விழாவின் தனிச்சிறப்பென்றே சொல்லல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கல்முனைக்குடியின் கரையோரத்தைச் சூறையாடிப் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்துயருக்குப் பின்னரும் கொடியேற்றமும் கந்தூரியும் தொடர்கின்றன. நார்சா எனும் கந்தூரிச் சோறு, வந்தவர் யாராயினும், பேதமின்றி வழங்கப்படுகின்றது.