கப்பலுக்கா, குடத்துக்கா?

இரண்டு பெருங்கடல்களை இணைத்தாலும் பனாமா கால்வாய் ஓடுவது மழைநீரில்தான். 1914இல் திறக்கப்பட்ட இந்த வழியின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் காட்டூன் ஏரி இருக்கிறது. கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடிக்கொள்ளும். மேலேயுள்ள ஏரித் தண்ணீர் பம்பு எதுவும் இல்லாமல் இறங்கி நிரம்ப, கப்பல் உயரும். இப்படிப் படிப்படியாக ஏறி, ஏரியைக் கடந்து, மறுபக்கம் அதேபோல் இறங்கிவிடும். பழைய தொட்டிகளின் வழியே ஒரு கப்பல் கடந்து முடிப்பதற்குள் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடுகிறது. பனாமா நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடிநீர் தருவதும் இந்தக் கால்வாய்ப் படுகையின் ஏரிகள்தான்.

2023இல் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 36 கப்பல்கள் போய்வந்த இடத்தில் டிசம்பரில் 22 கப்பல்களுக்கே அனுமதி கிடைத்தது. பெரிய கப்பல்கள் நீருக்குள் அமிழும் ஆழத்தை 50 அடியிலிருந்து 44 அடியாகக் குறைத்ததால், வந்த கப்பல்களும் சரக்கைக் குறைத்தே ஏற்றின. வரிசையில் முந்துவதற்கான ஏலத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனம், வழக்கமான சுங்கத்துக்கு மேல், ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் படைத்தவர் தப்பிவிடலாம், சந்தையே இதைச் சரிசெய்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஏலம் ஒரு கப்பலை முன்னே தள்ளும். ஏரியில் ஒரு சொட்டு நீரைக்கூடக் கூட்டாது. வறட்சி எந்த ஒரு நிறுவனமும் தனியாக விலைகொடுத்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஆபத்து அல்ல.

இதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா என்ற கேள்வி நியாயமானது. தீவிர வானிலை நிகழ்வுகளை ஆராயும் அறிவியலாளர் குழு ஒன்று 2024இல் வெளியிட்ட ஆய்வு, மழைக்குறைவுக்கு, பசிபிக் கடல்நீர் அவ்வப்போது சூடாகும் எல் நினோவே முக்கியக் காரணம், பருவநிலை மாற்றத்தின் பங்கை உறுதிப்படுத்த முடியவில்லை என்றது; தண்ணீர்த் தேவை பெருகியதையும் சுட்டிக்காட்டியது. இதனால் வணிகர்கள் நிம்மதி அடையலாமா? கூடாது என்பதே என் எண்ணம். வழக்கமாக வந்துபோகும் ஒரு எல் நினோவையே தாங்க முடியாத வழி, வெப்பம் கூடக் கூட ஏரி நீர் இன்னும் ஆவியாகும் காலத்தை எப்படித் தாங்கும்? நிறுவனங்கள் தம் ஆலைப் புகையைக் கணக்கிடுவது அவசியம். ஆனால் தம் சரக்கு யாருடைய குடிநீரில் மிதந்து வருகிறது என்பதும் அதே கணக்கில் ஏற வேண்டும்.

கால்வாய் நிர்வாகம் இப்போது ஏரிக்குக் கூடுதல் நீர் தர, சுமார் 160 கோடி டாலரில் இந்தியோ ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டுள்ளது. தண்ணீர் தேவைதான். ஆனால் அணை எழுந்தால் ஏறக்குறைய 2,000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டும்; அங்குள்ள விவசாயிகள் எதிர்த்துப் போராடுகிறார்கள். உலக வணிகத்தின் ஆபத்தை அவர்கள் தலையில் இறக்குவது அநியாயம். அவர்கள் சம்மதிக்காமல் வேலை தொடங்கக் கூடாது. சம்மதித்தால், மாற்று நிலமும் வீடும் கப்பல்கள் கட்டும் சுங்கப் பணத்திலிருந்து முதலில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.