உங்களுக்குத் தெரியுமா? தீயணைப்பு வண்டியில் புதிதாய் ஏறுகிறவர்கள்

★ தமிழ்நாட்டில் தீயணைப்போர் வேலைக்குத் தனிப் பரீட்சை கிடையாது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வைத்தான் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். மரக்காணம், வானூர் பக்கம் விடிகாலையில் ஓடிப் பழகும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், "போலீசுக்கு" என்பார்கள். தீயணைப்பை முதலில் சொல்கிறவன் அபூர்வம்.

★ 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அப்புறம் கயிறு ஏறுதல்: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. காவலராகப் போகிறவர் அதோடு கயிற்றை மறந்துவிடலாம். தீயணைப்புக்கு வந்தவரைக் கயிறு விடாது. வானூர் பக்கத்து இரும்பை மாதிரி ஊர்களின் கொல்லைகளில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கும்வரை ஆடு விழும், மாடு விழும், சில நேரம் ஆளும் விழுவார்.

★ மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே தீயைக் காட்டுவதற்கு முன்பு ஹோஸை உருட்டச் சொல்வார்கள். இரண்டாக மடித்து, இரு முனை இணைப்புகளும் (கப்ளிங்) வெளியே நிற்கும்படி சுருட்டினால் அதற்கு டச்சு ரோல் என்று பெயர். பிடித்து உதறினால் ஒரே ஓட்டத்தில் விரியும். ஆண் முனை பம்ப் பக்கம், பெண் முனை தீயின் பக்கம் போக வேண்டும். அவசரத்தில் மாற்றி விரித்துவிட்டால் பம்பிலும் மாட்டாது, தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்சிலும் மாட்டாது; மொத்த ஹோஸையும் திருப்பிப் போட வேண்டும். பகலில் இதைச் சரியாகச் செய்பவர்களும் இருட்டில் தடுமாறுவார்கள். அதனால்தான் கை தானாகச் செய்யும்வரை டிரில் ஓயாது.

★ பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை! குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்றுகிறது, வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பதும் இதே கணக்குதான். ஆகவே எவ்வளவு பெரிய எஞ்சினாக இருந்தாலும் ஏட்டுக் கணக்கில் 10.3 மீட்டர்தான் எல்லை. நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினாலே திணறும். இரும்பை ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் கவலையில்லை. கோடையில் கிணற்று நீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சக்ஷன் ஹோஸை இறக்க வேண்டும்.

★ பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்பீர்கள். கடல் நீரை எடுக்கலாம், தடையில்லை. ஆனால் வேலை முடிந்ததும் பம்பையும் ஹோஸையும் நல்ல தண்ணீர் விட்டு அலசியாக வேண்டும். உப்பு நீர் இரும்பை என்ன செய்யும் என்று மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உப்பு நீரில் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும் என்பது இன்னொரு தலைவலி. மின் இணைப்பைத் துண்டிக்காமல் எந்தத் தண்ணீரையும் அடிக்கக் கூடாதுதான். கடல் தண்ணீர் என்றால் இரண்டு மடங்கு கவனம்.

★ கூரை வீடு எரிந்தால், தீ பரவாமலிருக்க, பல நேரம் எரிகிற கூரையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள். அந்த வீட்டுக்காரர் திட்டத்தான் செய்வார்.

★ முதுகில் மாட்டும் மூச்சுக் கருவியில் 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம். பெருக்கினால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 45 நிமிடம் வரும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் பதற்றத்தில் இருப்பவர் அதைவிட வேகமாக மூச்சு வாங்குவார். படியேறி, ஆளைத் தூக்கி, புகையில் சுவரைத் தடவித் தடவி நடந்தால் 45 நிமிடம் எப்போதோ பாதியாகியிருக்கும். அழுத்தம் 55 பாருக்கு இறங்கியதும் விசில் ஊதும். "விசில் வந்த பிறகு திரும்பலாம்" என்று இருப்பது தப்பு. உள்ளே போன வழியின் நீளத்தை மனத்தில் வைத்து, அதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். புதியவருக்கு இருக்கும் துணிச்சலை யாரும் குறை சொல்வதில்லை, இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுவார்.

★ பாழுங்கிணற்றில் மூச்சுமுட்டி ஒருவர் மயங்கினால், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே விழுவது நம் செய்தித்தாள்களில் அலுத்துப்போன செய்தி. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதே என்பது பயிற்சியில் முதல் விதி. மேலே நின்று அழும் குடும்பத்தின் முன்னால் அதைக் கடைப்பிடிப்பது லேசில்லை.

★ சென்னையில் தீயணைப்புப் படை 1908இல் தொடங்கியது. இன்றைய பெயர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. வரும் அழைப்புகளில் தீயைவிட மீட்புதான் அதிகம்: வீட்டுக்குள் பாம்பு, சாலையில் மரம், வெள்ளத்தில் ஆட்கள். தானே (2011), நிவர் (2020), ஃபெஞ்சல் (2024) என்று புயல்கள் வரிசையாய் வந்த கரை இது. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த வாரம் இங்கே தீயணைப்பு வீரர் கையில் இருந்தது படகும் மரம் அறுக்கும் வாளும்.

★ ஏப்ரல் 14 தீயணைப்போர் நினைவு நாள். 1944இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்தது. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். நம் மாநிலத்தில், 2020 தீபாவளியை ஒட்டி மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது பழைய கட்டடம் சரிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். சுவரில் விரிசல், சுண்ணாம்பு உதிர்வு, கதவு நிலை கோணுவது இவற்றைப் பார்த்துப் பழகுவதும் பயிற்சிதான்.

★ பதவி ஏணி எப்படி? தீயணைப்போர், முன்னணித் தீயணைப்போர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர் என்று போகும். உச்சியில் இருக்கும் இயக்குநர் ஐ.பி.எஸ். அதிகாரி. நிலைய அலுவலராக நேரடியாகவும் வரலாம், மாவட்ட அலுவலராகக் குரூப் 1 எழுதியும் வரலாம். மேல்படிப்புக்கு நாக்பூரில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி இருக்கிறது. 1956இல் ராம்பூரில் ஆரம்பித்து மறு ஆண்டே இடம் மாறியது.

★ பொதுத் தேர்வில் தீயணைப்போர் பதவிக்கு ஆண்களைத்தான் எடுத்து வந்தார்கள். பெண்கள் மேல்படியில் நுழைந்தார்கள்: 2003இல் குரூப் 1 வழியாகப் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் அதிகாரிகளானார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத் தீயில் பிரியா உள்ளே போய்த் தீக்காயத்தோடு வந்தார். அவருடன் போன ஒரு வீரர் திரும்பவில்லை.