இடித்த வீட்டு மரம், இழைக்கும் முன்

சிலமலை, போடி பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்தால் முதலில் விலை பேசப்படுவது மரம்தான். நிலை, கதவு, உத்திரம், கைமரம் என்று எதுவும் வீணாவதில்லை. நூறு வருடம் கூரையைத் தாங்கிய மரம் இனிப் புதிதாக வளையவோ முறுக்கவோ போவதில்லை என்பது ஆசாரிகளுக்குத் தெரியும்.

இந்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் காரைக்குடி. பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் அங்கிருந்து கப்பலில் வரவழைத்த தேக்கில் தூணும் கதவும் செய்தார்கள். பங்காளிகள் பெருகி, பராமரிக்க வழியில்லாமல் பல வீடுகள் இடிபட்டன. அந்த மரம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், அப்படிப் பிரித்தெடுத்த செட்டிநாட்டு வீடொன்று மறுபடி எழுந்து நிற்கிறது.

வாங்கிய மரத்தை அப்படியே இழைப்புளிக்குக் கொடுக்கக் கூடாது. விரிசலில் அடைந்த மண்ணே பிளேடை மழுக்கிவிடும். கம்பி பிரஷ்ஷால் ரேகையோடு ஒட்டித் தேய்த்து அதை வெளியேற்ற வேண்டும். அடுத்தது ஆணி. துருப்பிடித்துத் தலை போன ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரும்பும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்த இடம் கறுத்துப்போகும். பலகையில் சிறு கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. ஆணியைப் பிடுங்கிய பிறகும் கறை தங்கினால், ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவிப் பின்பு நன்றாகக் கழுவலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பழைய பெயிண்ட்.

இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் பூசிய மஞ்சள், பச்சைக் கதவுகளில் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் தூசியாகவும், தீயில் வாட்டினால் புகையாகவும் அது உடம்புக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சுரண்டுபவருக்கு அந்தத் துண்டு காப்பாகாது. ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, கழிவைப் பையில் கட்டிவிட வேண்டும். சரியான முகக்கவசம் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

பூச்சித்துளை இருந்தால் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். மாவு போலப் புதுத்தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடிருக்கிறது. உளுக்கும் வண்டு பெரும்பாலும் மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, எஞ்சும் வைரப் பகுதியில் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம்.

பிறகு பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து, காற்றோட்டமாக நிழலில் அடுக்க வேண்டும். போடி வெயிலில் காய்ந்த பலகை, மலை மேலே ஏலத்தோட்டத்து வீட்டுக்குப் போனால் ஈரம் வாங்கி உப்பும். அங்கே கதவு செய்ய வேண்டுமென்றால் மரத்தைச் சில வாரம் அந்த வீட்டிலேயே போட்டுவைத்து, பிறகு அளவெடுப்பதுதான் சரி.