சின்ன லேப்டாப் வாங்கலாமா?

கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலருக்கு வேலையும் படிப்பும் பெங்களூரில்தான். கோரமண்டல் நிலையத்தில் காலையிலேயே ரயில் ஏறுகிறார்கள். போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல நாள் நின்றுகொண்டே போக வேண்டும். அப்படிப் போகிற பெண்ணுக்கு எந்த லேப்டாப் நல்லது?

விலை குறைந்த சின்ன லேப்டாப்புகள் உண்டு. ஜியோபுக்கைப் பாருங்கள். 2023-இல் வந்தபோது அதன் விலை 16,499 ரூபாய். எடை 990 கிராம். ஒரு கிலோ அரிசிகூட இல்லை! தோள் வலிக்காது. செல்போன் போல சிம் மூலம் இணையமும் கிடைக்கும்.

குறை என்ன? திரை 11.6 அங்குலம்தான். நெடுநேரம் படித்தால் கண் களைக்கும். சேர்த்து வைக்கும் இடமும் குறைவு, 64 ஜி.பி. சினிமாவை நிரப்பினால் பாடத்துக்கு இடம் இராது.

பெரிய குறை கண்ணுக்குத் தெரியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் விண்டோசில் ஓடுகின்றன. ஜியோபுக்கில் விண்டோஸ் இல்லை. கணக்கு எழுதும் டேலி, விண்டோசுக்காகச் செய்தது. இதில் அதை நேராகப் போட முடியாது. பாடம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், விண்ணப்பம் அனுப்பலாம். டேலி படிக்கிற பெண்ணுக்கு அது போதுமா? போதாது. பணம் கட்டுமுன் படிக்கும் இடத்தில் கேளுங்கள்.

விண்டோஸ் உள்ள பழைய லேப்டாப்பும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் எடை இரண்டு கிலோகூட இருக்கும். பாட்டரி தளர்ந்திருக்கலாம். கடையிலேயே வயரைக் கழற்றி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.