மீனுக்கு முன்னால் தண்ணீரை வளர்க்க வேண்டும்

கொளத்தூரில் வாங்கிய கப்பியும் மோலியும் திருக்கழுக்குன்றம் வந்து சேரும்போது பைக்குள் துறுதுறுவென்றுதான் இருக்கும். புதுத் தொட்டியில் விட்ட முதல் இரண்டு நாளும் தீனியைப் பாய்ந்து தின்னும். நான்காம் நாள் நீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வாரம் முடிவதற்குள் பாதி மீன் மிதக்கும். ‘கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார்’ என்று வீட்டார் நினைப்பார்கள். பெரும்பாலும் குறை மீனில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

கூடத்தில் அழகுக்கு வைத்த கண்ணாடித் தொட்டி என்றால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு போகும். குழுக் கடன் வாங்கி, வீட்டுப் பின்புறம் சிமென்ட் தொட்டி கட்டி, வண்ண மீன் வளர்ப்பில் இறங்கிய குடும்பத்துக்கு அப்படியல்ல. தாய் மீன்கள் போய்விட்டால், முதல் தவணை கட்டும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

வயலில் நடப்பதுதான் தொட்டியிலும்

இதைப் புரிந்துகொள்ள உழவருக்குப் புதுப் பாடம் தேவையில்லை. வயலில் போட்ட யூரியா முதலில் அமோனியாவாக மாறுகிறது. மண்ணிலுள்ள ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் அந்த நைட்ரேட்டை எடுத்துக்கொள்கிறது.

தொட்டியில் யூரியாவுக்குப் பதில் மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் அமோனியாவைத் தருகின்றன. மீன் தன் செவுள் வழியாகவும் அமோனியாவை வெளியேற்றுகிறது. அமோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, அது பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரேட் மட்டுமே அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தீங்கு செய்யாது.

மண்ணில் இந்த பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதுத் தொட்டியிலோ அவை இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்; நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நன்றாகக் கழுவி, புது நீர் நிரப்பிய தொட்டியிலேயே மீன் அதிகம் சாகிறது.

நான்கு முதல் ஆறு வாரம்

தொட்டியில் நீர் நிரப்பி, ஏர் பம்ப்பையும் ஸ்பாஞ்ச் பில்டரையும் இரவு பகலாக ஓடவிட வேண்டும். மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வர வேண்டும். அது அழுகி அமோனியா உண்டாகும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட்டும் இறங்கி, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி பழகிவிட்டது என்று பொருள். நம் ஊர் வெப்பத்தில் இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டியில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும். நோயில்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் காத்திருக்கும் நாட்கள் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது.

அப்போதும் எல்லா மீனையும் ஒரே நாளில் விடக்கூடாது. 100 லிட்டர் தொட்டியில் முதலில் ஐந்தாறு கப்பி போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் போட வேண்டும்.

எந்தத் தண்ணீர், எந்த மீன்?

ஊராட்சிக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து காற்று ஓட்டினால் குளோரின் போய்விடும். அவசரத்துக்கு 100 லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் தயோசல்பேட் கரைத்து விடலாம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் போட்ட அன்று அந்த நீரைத் தொடவே வேண்டாம்.

செங்கல்பட்டின் உட்பகுதியில் பாறையைத் துளைத்து எடுக்கும் போர் நீர் பல இடங்களில் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தங்கினால் அதுவே அடையாளம். இந்த நீரில் கப்பி, மோலி, பிளாட்டி நன்றாக வரும். டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்கள் தடுமாறும். மண்ணுக்கேற்ற பயிர் என்பதுபோல, தண்ணீருக்கேற்ற மீன். பூமிக்கடியிலிருந்து வரும் போர் நீரில் பிராணவாயு குறைவு என்பதால் அதையும் ஒரு நாள் காற்றோட்டி விட வேண்டும்.

பி.ஹெச். அளவையும் பார்ப்பது அவசியம். அது 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு ஊறி பி.ஹெச். இன்னும் மேலே போகும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி ஊறவைத்து, நான்கைந்து முறை முழுவதும் இறைத்து மாற்ற வேண்டும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைப்பதும் வழக்கம். பி.ஹெச். எட்டுக்குக் கீழே நின்ற பிறகே தொட்டியைப் பழக்கத் தொடங்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

மீன் ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்டது. என்ன மருந்து போடலாம்?

மருந்து வேண்டாம், அது நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடும். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, காற்றைக் கூட்டுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து விட்டால் நைட்ரைட்டின் வேகம் தணியும். அமோனியா, நைட்ரைட் இறங்கும்வரை தினமும் கொஞ்சம் நீர் மாற்றுங்கள்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே எங்கள் வீடு. கோடையில் போர் நீர் கரிக்கிறது. வண்ண மீன் வளர்க்க முடியுமா?

லேசான கரிப்பை மோலி நன்றாகத் தாங்கும். வற்றிய அளவுக்கு அதே நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். வற்றியதை ஈடுகட்ட, சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். உவர் நீரிலேயே வளரும் வண்ண மீன்கள் பற்றி, முட்டுக்காட்டிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் கேட்டு அறியலாம்.

மாற்றும் தண்ணீரை என்ன செய்வது?

உப்புப் போடாத தொட்டி நீரில் நைட்ரேட் இருக்கிறது. கீரைப் பாத்திக்கும் மல்லிகைச் செடிக்கும் ஊற்றுங்கள். உப்புப் போட்ட நீரைச் செடிப் பக்கம் விட வேண்டாம். ஏரியிலோ குளத்திலோ மீனோடு சேர்த்து எந்தத் தொட்டி நீரையும் கொட்டக்கூடாது. வெளிநாட்டு மீன்கள் பெருகி நம் நாட்டு மீன்களுக்குக் கேடாகும்.