எம்.பி.க்கள் ஏன் வெளிநாடு போகிறார்கள்? வெறும் 'டூர்' என்று தள்ளிவிட முடியாத கதை

எலவனாசூர்கோட்டையில், சேலம் போகும் சாலை ஓரம் ஒரு டீக்கடை. ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா தன் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த பழைய படம். கனிமொழி நடுவில் நிற்க, சுற்றிலும் வெவ்வேறு கட்சி எம்.பி.க்கள்.

"எதிர்க்கட்சின்றாங்க. அப்புறம் கவர்மென்ட் செலவுல ரஷ்யா போறாங்க. என்னாத்துக்குப்பா இது?"

நியாயமான கேள்விதான். முதலில் அந்தப் படத்தின் கதை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7ல் 'ஆபரேஷன் சிந்தூர்'. அதன்பின் இந்தியாவின் தரப்பை உலகத்துக்குச் சொல்ல ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்களை மத்திய அரசு அனுப்பியது. ஒன்றுக்குத் தலைவர் கனிமொழி. ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் என்று ஐந்து நாடுகள். மே 22ல் இவர்கள் போன விமானம், மாஸ்கோவில் ட்ரோன் தாக்குதல் எச்சரிக்கை இருந்ததால் இறங்க முடியாமல் வானத்திலேயே வட்டமடித்தது. இதை 'டூர்' என்று சொல்பவர்களை அந்த விமானத்தில் ஏற்றிப் பார்க்கலாம்!

அதிமுகவின் தம்பிதுரையும் ரவிசங்கர் பிரசாத் தலைமையிலான இன்னொரு குழுவில் இருந்தார். இங்கே ஒரே மேடையில் பார்க்க முடியாத இரண்டு கட்சிகளும் வெளியே ஒரே விஷயத்தைப் பேசின. ஆனால் இதில் ஒரு நெருடலும் உண்டு. காங்கிரஸ் நான்கு பெயர்களைக் கொடுத்தது. அந்தப் பட்டியலிலேயே இல்லாத சசி தரூரை ஒரு குழுவுக்குத் தலைவராக அரசு தேர்ந்தெடுத்தது. யார் போக வேண்டும் என்பதை கட்சி முடிவு செய்வதா, அரசு முடிவு செய்வதா? இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அரசு அனுப்புவது வேறு, நாடாளுமன்றம் போவது வேறு

இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மேலே சொன்னது அரசு அனுப்பிய குழு. நாடாளுமன்றத்துக்கென்று தனியாக, ரொம்பப் பழைய ஒரு பாதை இருக்கிறது.

1889ல் தொடங்கிய அமைப்பு ஐ.பி.யு., அதாவது நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம். தலைமையகம் ஜெனீவா. பிரிட்டனின் க்ரெமரும் பிரான்ஸின் பாஸியும் சேர்ந்து தொடங்கியது. ஐ.நா. சபை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது. நம் ஊரில் இதன் வாசல், 1949ல் உருவான இந்திய நாடாளுமன்றக் குழு. மக்களவை சபாநாயகர்தான் இதற்குத் தலைவர். சந்தா கட்டி எம்.பி.க்கள் உறுப்பினர் ஆகலாம். 1999ல் நஜ்மா ஹெப்துல்லா ஐ.பி.யு. கவுன்சிலின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இன்னொன்று காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கம், 1911ல் தொடங்கியது. இதில் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தனிக் கிளை உண்டு. தமிழ்நாட்டுக்கும் இருக்கிறது. ஆக, உளுந்தூர்பேட்டை எம்.எல்.ஏ.வுக்குக்கூட லண்டனில் தலைமையகம் இருக்கும் ஒரு சங்கத்தோடு தொடர்பு உண்டு. பலருக்கு இது தெரியவே தெரியாது.

செலவு யாருடையது? அதிகாரப்பூர்வக் குழு என்றால் பொதுப் பணம்தான். சரி, வெளிநாட்டு நிறுவனமோ அரசோ டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்தால்? 2010ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6வது பிரிவுப்படி, எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை ஏற்க முடியாது. திடீர் மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு. அப்போதும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கொல்லப்பட்ட எம்.பி.க்களின் கோப்பு

"மாநாடு, போட்டோ, விருந்து. அதானே?" என்றார் சித்தப்பா.

பெரும்பாலும் அதுதான், மறைக்க வேண்டாம். ஆனால் ஐ.பி.யு.வுக்குள் ஒரு சின்னக் குழு இருக்கிறது. 1976ல் அமைத்தது. உலகில் எங்காவது ஒரு எம்.பி. கைது செய்யப்பட்டாலோ, மிரட்டப்பட்டாலோ, கொல்லப்பட்டாலோ அங்கே புகார் கொடுக்கலாம். குடும்பத்தினரும் கொடுக்கலாம். வெவ்வேறு நாட்டு எம்.பி.க்கள் மூடிய அறையில் உட்கார்ந்து விசாரிப்பார்கள், சம்பந்தப்பட்ட அரசிடம் பதில் கேட்பார்கள், முடிவை வெளியிடுவார்கள்.

அந்தக் கோப்புகளில் நமக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. ஜோசப் பரராஜசிங்கம்: 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு தேவாலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். நடராஜா ரவிராஜ்: யாழ்ப்பாண மாவட்ட எம்.பி., வழக்கறிஞர், 2006 நவம்பர் 10ல் கொழும்பில் சுடப்பட்டார். தியாகராஜா மகேஸ்வரன்: 2008 ஜனவரி 1ல் கொழும்பில் கோயிலில் வைத்து.

இந்தக் குழுவால் யாரையும் ஜெயிலில் போட முடியாது. ரவிராஜ் வழக்கில் 2016 டிசம்பரில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பரராஜசிங்கம் வழக்கிலும் 2021 ஜனவரியில் அதேதான். ஆனாலும் சொந்த நாட்டில் தூசி படிந்த ஒரு பெயரை ஆண்டுக்கணக்கில் ஜெனீவாவில் யாரோ வாசித்து, 'விசாரணை எங்கே வந்து நிற்கிறது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் எம்.பி.க்களும் நேரில் போயிருக்கிறார்கள். 2009 அக்டோபரில் டி.ஆர்.பாலு தலைமையில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இலங்கை முகாம்களுக்குப் போனார்கள். 2012 ஏப்ரலில் அனைத்துக் கட்சிக் குழு, தலைவர் சுஷ்மா ஸ்வராஜ். மெனிக் பாம் முகாம், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று சுற்றினார்கள். கிளம்பும் முன்பே அதிமுக விலகியது. தமிழர்களோடு மனம்விட்டுப் பேச நிகழ்ச்சி நிரலில் இடமில்லை, ராஜபக்சவைச் சந்திப்பதுதான் பெரிதாக இருக்கிறது என்பது ஜெயலலிதாவின் வாதம். பின்னாலேயே திமுகவும் விலகியது. காங்கிரஸ் எம்.பி.க்களும் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே.ரங்கராஜனும் மட்டும் இங்கிருந்து போனார்கள். வாதத்தில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் முகாமில் இருந்த ஒருவர் தமிழில் பேச, இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கக்கூடிய காதுகள் அந்தக் குழுவில் குறைந்துபோனது. எனக்கு இது தப்பான முடிவாகவே படுகிறது.

இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. இதே சாலையில் கள்ளக்குறிச்சி தாண்டிப் போனால் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே அவருக்குப் பழக்கமான ஒரு பெயின்டர் உண்டு.

"சரி, நம்ம எம்.பி. போய்ட்டு வந்தா என்ன பேசினாருன்னு யாருகிட்ட கேக்கறது?"

அவரிடமேதான். நம் மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை சட்டமன்றத் தொகுதி விழுப்புரம் எம்.பி.யின் கீழ் வருகிறது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம் மூன்றும் கள்ளக்குறிச்சி எம்.பி.யின் கீழ். இருவருக்கும் மக்களவை இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அதிகாரப்பூர்வப் பயணம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செலவையும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.

"டீ காசை விடக் கம்மியா இருக்கே" என்றபடி போனைப் பையில் போட்டார்.